அங்கே என்ன இருக்கு என்று கேட்ட மச்சானுக்கு

போன வாரம் என் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். ஏலகிரியில் ஐந்து சென்ட் மனை ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். போனில் படம் காட்டினான். மனையின் ஒரு பக்கம் முழுக்கப் பாசி பிடித்த பெரிய பாறைகள், ஒன்றன் மேல் ஒன்றாக. அவற்றை உடைத்து, நிரவித் தருவதாகத் தரகர் சொல்லியிருக்கிறாராம். "அதை ஏன்டா உடைக்கணும்?" என்றேன். "அங்க என்ன மாமா இருக்கு? வெறும் கல்லும் முள்ளும்தானே" என்றான்.

சாப்பாட்டு நேரத்தில் வாதம் வேண்டாம் என்று அப்போது விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நடு அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு. அதன் மேற்கில் குச்சுமத்தானெஸ் மலைத்தொடர். 1975-இல் பால் எலியாஸ், ஜெரமி ஜாக்சன் என்று இரண்டு இளைஞர்கள் அங்கே காட்டுக்குள் தேடிப் போய் ஒரு சாலமாண்டரைக் கண்டுபிடித்தார்கள். பார்வைக்குப் பல்லி மாதிரி இருக்கும். ஆனால் தவளையின் உறவு, வால் உள்ள இருவாழ்வி. பளிச்சென்ற மஞ்சள் உடம்பு, முதுகில் கருமையான பட்டை. கிடைத்தவை இரண்டே இரண்டு. அதற்கு ஜாக்சனின் பெயரையே வைத்தார்கள். அப்புறம் நாற்பது வருஷத்துக்கும் மேல் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அற்றுப்போயிருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

நம் நாட்டில் சாலமாண்டர் வகை டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கு மலைகளிலும்தான் உண்டு. தெற்கே கிடையாது. அதனால் அதற்குத் தமிழில் புழங்குகிற பெயரும் இல்லை. "நுணலும் தன் வாயால் கெடும்" என்பார்கள். தவளை கத்துவதால்தான் அது இருப்பது நமக்குத் தெரிகிறது. மழை விட்ட ராத்திரியில் சத்தம் கேட்காவிட்டால் "என்ன, தவளையே காணோம்" என்று யாராவது ஒருவர் கேட்பார். சாலமாண்டர் அப்படிக் குரல் கொடுக்காது. அது ஒரு மலையிலிருந்து மொத்தமாகப் போய்விட்டாலும், தேடிப் போய்ப் பார்க்கிற ஆள் இல்லையென்றால் யாருக்கும் தெரியாது.

அது வாழ்கிற இடத்துக்கு மேகக் காடு என்று பெயர். கத்திரி வெயிலில் வேலூரில் உட்கார்ந்துகொண்டு அதை நினைத்துப் பார்ப்பது கஷ்டம்தான். ஊட்டி, கொடைக்கானல் சோலைக்குள் அதிகாலையில் போனவர்களுக்குக் கொஞ்சம் பிடிபடும். மழையே பெய்யாது, ஆனால் தலை நனையும். மலை மேல் வந்து மோதுகிற மேகத்தை இலையும் பாசியும் சீப்பு மாதிரி வாரி எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். மரக்கிளைகளில் அன்னாசிக் குடும்பத்துச் செடிகள் தொற்றிக்கொண்டு வளரும். அவற்றின் இலைகள் சேருகிற நடுக்குழியில் தண்ணீர் நிற்கும். பல சாலமாண்டர்களுக்கு அந்தக் குழிதான் வீடு. மற்றவை பாசிக்கு அடியிலும் இற்றுப்போன மரத்துண்டுக்குள்ளும் கிடக்கும்.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவென்றால், இந்த வகைக்கு நுரையீரலே கிடையாது. செவுளும் இல்லை. தோலாலும் வாயின் உட்புறத்தாலும்தான் மூச்சு விடுகிறது. உலகத்துச் சாலமாண்டர் இனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படிப்பட்டவைதான். தோல் எப்போதும் ஈரமாக இருந்தாக வேண்டும். காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். முட்டையைக் குளத்தில் இடுவதில்லை. ஈரமான மண்ணிலோ பாசியிலோ இடும். தலைப்பிரட்டைப் பருவம் இல்லாமல், குட்டி உருவமாகவே வெளியே வரும். ஆக, அதற்கு ஆறோ குளமோ வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் போதும். ஆனால் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

அதனால் அதற்கு மலையில் ஒரு குறிப்பிட்ட உயரம்தான் ஒத்துவரும். கீழே இறங்கினால் வெயில், மேலே போனால் குளிர். சில நூறு மீட்டர் ஏறினால் இன்னொரு இனம் ஆரம்பித்துவிடும். இந்த மலையில் இருப்பது அடுத்த மலையில் இருக்காது. பூமி சூடாகச் சூடாக மேகம் நிற்கிற மட்டம் மேலே போகிறது. அதோடு சேர்ந்து இதுவும் ஏற வேண்டும். உச்சிக்கு மேல் எங்கே ஏறும்? கீழேயிருந்து காப்பித் தோட்டமும் மாட்டு மேய்ச்சலும் ஏறி வருகின்றன.

பூஞ்சை நோய் வேறு. கைட்ரிட் என்று ஒரு பூஞ்சை, தோலில்தான் பிடிக்கும். தவளைகளுக்கு இது வந்தால் தோல் தடித்து, உடம்பின் உப்புச் சமநிலை குலைந்து, கடைசியில் இதயம் நின்றுவிடும். அருங்காட்சியகங்களில் பாட்டிலில் போட்டு வைத்திருந்த பழைய உடல்களின் தோலைச் சோதித்துப் பார்த்தார்கள். 1970-களிலும் 80-களிலும் அது தெற்கு மெக்சிகோவிலிருந்து குவாத்தமாலா வழியாகக் கோஸ்டா ரிக்கா வரை நகர்ந்த தடம் கிடைத்தது. சாலமாண்டர்கள் குறைந்த காலமும் அதே காலம்தான். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, 1970-களில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டு, மேற்குக் குவாத்தமாலாவின் மேகக் காட்டுச் சாலமாண்டர்கள் சில அறவே காணாமல் போயிருப்பதைச் சொன்னது. பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள்ளேயும் குறைந்திருக்கின்றன. வேலி போட்டால் வேலை முடிந்தது என்று நானும் சொல்லவில்லை. 2023-இல் வந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி இருவாழ்விகளில் 41 சதவீத இனங்கள் ஆபத்தில் இருக்கின்றன. சாலமாண்டர்களை மட்டும் எடுத்தால் ஐந்தில் மூன்று.

இந்த "தோல்" என்ற வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கிணறுதான் ஞாபகத்துக்கு வரும்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில். வட ஆற்காட்டைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அந்தக் கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். ஆறு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என் சின்ன வயதில் ஆற்று மணலுக்கு அடியில் தண்ணீர் இருந்தது, கிணறுகள் நிறைந்திருந்தன. எங்கள் கிணற்றில் படிக்கல்லுக்கு இடுக்கு விடாமல் தவளை. நாங்கள் குதித்தால் அவையும் கூடவே குதிக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசியில் தவளைச் சத்தம் இல்லை. அப்பா அதைக் கவனித்தார், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்துத்தான் தண்ணீர் கரித்தது, துணியில் மஞ்சள் கறை படிந்தது. பிறகு தென்னை காய்ப்பது நின்றது. ஊருக்கு மேலே இருந்த, தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு நிலத்தடியில் இறங்கியிருந்தது. பெயர் சொல்லிக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான், என் பெரியப்பாவே அங்கே கூலிக்குப் போனவர். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோலில் பிழைப்பு நடத்திய ஊர் நாங்கள். எங்களுக்கு முதலில் சேதி சொன்னது தவளையின் தோல். நாங்கள் அதைக் கேட்கவில்லை. அந்தக் கிணற்றை 1998-இல் மூடினோம்.

பாலாற்றுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர்கள் இந்தியா முழுவதும் அதை "வேலூர் வழக்கு" என்றுதான் படிக்கிறார்கள். முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதியானது அந்தத் தீர்ப்பில்தான். திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம் வரும் என்கிற ஆபத்து இருந்தால், அறிவியல் ஆதாரம் முழுதாக இல்லை என்பதைச் சாக்காக வைத்துத் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. கேடு வராது என்று காட்டுகிற பொறுப்பு, அந்தக் காரியத்தைச் செய்கிறவருடையது. மாசுபடுத்தியவர் ஈடு கட்ட வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். இத்தனைக்குப் பிறகும் 2025 ஜனவரியில் பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊர் அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த சட்டம் நம் மலைக்கே பயன்படாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

குவாத்தமாலாவில் அந்த முன்னெச்சரிக்கை நிஜமாகவே நடந்தது. ஜாக்சன் சாலமாண்டர் இருந்த காட்டுப் பகுதி காப்பித் தோட்டமாகப் போகிற நிலையில் இருந்தது. கார்லோஸ் வாஸ்கெஸ் என்ற அந்த நாட்டு ஆய்வாளரும், உள்ளூர், வெளிநாட்டுப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து பணம் திரட்டி நிலத்தை வாங்கி, 2015-இல் இருவாழ்விகளுக்கான காப்பகமாக ஆக்கினார்கள். கவனியுங்கள், அப்போது ஜாக்சன் சாலமாண்டர் உயிரோடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அதே மலையின் வேறு அரிய சாலமாண்டர்கள் அங்கே இருந்தன, காடு நல்ல காடு. அது போதும் என்று வாங்கினார்கள். உலகத்தில் "காணாமல் போன" உயிர்களைத் தேடும் பட்டியல் ஒன்று 2017-இல் வெளியானது, இதுவும் அதில் இருந்தது. அந்த வருஷம் அக்டோபரில் காப்பகத்தின் காவலர் ஒருவர் ரோந்து போனபோது ஒரு குட்டியைப் பார்த்தார், மஞ்சள் நிறம், முதுகில் பட்டை. படம் எடுத்து வாஸ்கெஸுக்கு அனுப்பினார். அதுதான். அந்தப் பட்டியலில் முதலில் கிடைத்த உயிரும் அதுவே.

ஆதாரம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால், அந்தக் காவலர் நடக்க அங்கே காடு இருந்திருக்காது.

இப்போது மச்சான், உன் பாறைக்கு வருகிறேன். நம் ஏலகிரியின் பெயரையே வைத்து, புதிய இனம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு குட்டிப் பாறைப் பல்லி இருக்கிறது தெரியுமா? அண்மைக் காலத்தில்தான் விவரித்தார்கள். விரல் நீளம் இருந்தால் அதிகம். வீட்டுப் பல்லி மாதிரி ராத்திரியில் வருவதில்லை. பகலில், பாறை இடுக்கின் நிழலில் நடமாடும். அத்தனை வருஷம் நாம் ஏலகிரிக்குப் பிக்னிக் போய், படகில் சுற்றி, பலாப்பழம் வாங்கி வந்திருக்கிறோம். அது அப்போதும் அந்தப் பாறையில்தான் இருந்தது. "அங்க என்ன இருக்கு" என்று நீ கேட்டதற்கு, தேடிப் பார்த்த ஆட்கள் குறைவு என்பதுதான் என் பதில். ஜவ்வாது மலைக்கும் இதே கதைதான். காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து வானத்தை அளந்துகொண்டிருக்கிறோம். அதே மலையின் பாறைக்கு அடியில் இருப்பதை அந்த அக்கறையோடு பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஏலகிரியிலும் ஜவ்வாதிலும் யாரும் வீடே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மலையிலேயே பிறந்து, சாமை விதைத்து வாழ்கிறவர்களிடம் போய் அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் கேட்பது வெளியிலிருந்து போய் மனை போடுகிற நம்மைப் பற்றி. பாறையை உடைக்கும் முன், ஓடையை மூடும் முன், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தெரிந்தவர்கள் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும். அந்தச் செலவு உடைக்கிறவருடையது. 1996 தீர்ப்பு சொன்னதும் இந்தப் பொறுப்பைத்தான். பஞ்சாயத்துத் தீர்மானமாகவே இதைக் கொண்டு வரலாம். திருப்பத்தூர், வேலூர் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அமிர்திக் காட்டிலும் ஏலகிரியிலும் ஒவ்வொரு வருஷமும் முதல் மழை ராத்திரியில் எந்தத் தவளை கத்துகிறது என்று அவர்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே, இருபது வருஷம் கழித்து எங்கள் அப்பாவிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கும்.

இதை அனுப்பும் முன் மச்சானிடம் போனில் படித்துக் காட்டினேன். அட்வான்ஸ் பணம் திரும்ப வராது மாமா என்றான். மனையை விடச் சொல்லவில்லை, பாறையை விட்டுவிட்டு மீதி இடத்தில் வீட்டைக் கட்டு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பல்லி எத்தனை மணிக்கு வெளிய வரும்?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெண்டு பேரும் போகிறோம்.