என் சித்தி குடிப்பதில்லை

கோத்தகிரி மருத்துவ முகாமில் நடந்ததை ஆளாளுக்குப் பேசுகிறீர்கள். அன்றைக்கு ஸ்கேன் தாளோடு நின்றது என் சித்தி. "கல்லீரல்ல கொழுப்பு இருக்கே, வீட்டுக்காரரோட சேர்ந்து நீங்களும் ஊத்திக்குவீங்களா?" என்று வரிசைக்கே கேட்கும்படி கேட்டுச் சிரித்தார் அங்கிருந்த ஒருவர்.

குடித்தால்தான் கல்லீரலில் கொழுப்பு சேரும் என்று யார் சொன்னது? கல்லீரலே கொழுப்பைத் தயாரிக்கும். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரல் தலையில் விழும், மிஞ்சினால் கொழுப்பாகும். சோறும் மைதாவும் அளவுக்கு மீறினால் இன்சுலின் ஏறி, அதே உற்பத்தி முடுக்கிவிடப்படும். நாளடைவில் இன்சுலினுக்கு உடம்பு மசியாமல் போனால், தொப்பைக் கொழுப்பும் கரைந்து ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே வரும். மதுவால் வராத கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களிடம் செய்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தக் கொழுப்பில் சுமார் 59 சதவீதம் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தம் வழி வந்தது, 26 சதவீதம் கல்லீரலே தயாரித்தது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான்.

சித்தி சாப்பிடுவதைப் பாருங்கள். காலைக் குளிரில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, தோய்த்துத் தின்ன வர்க்கி. பத்து மணிக்கும் அதே. மதியம் தூக்குவாளி நிறைய ரேஷன் அரிசிச் சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. இரவும் சோறு. "சர்க்கரை கம்மியா இருந்தா கையே ஓடாது சாமி" என்பார்.

தேயிலை எஸ்டேட்டில் மேடேறி உழைப்பவருக்கு எப்படி வரும் என்கிறார்கள். மூட்டுவலி வந்தபிறகு அவருக்கு ஃபேக்டரியில் உட்கார்ந்து தேயிலையிலிருந்து குச்சி பொறுக்கும் வேலை. வேலை மாறியது, சாப்பாடு மாறவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது வரும் வாய்ப்பும் கூடுதல்.

குடிப்பழக்கம் பற்றிக் கேட்பது தப்பா என்று ஒருவர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான், மதுவும் கல்லீரலைக் கெடுக்கும். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சிரிப்பு எதற்கு? எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குக் கல்லீரல் தேறும். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதாதா?

சித்தப்பா குடித்துவிட்டு ரோட்டோரம் கிடந்த ராத்திரிகளில், டார்ச்சோடு போய்க் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தவர் என் சித்தி. அந்த வாடைக்கே முகம் சுளிப்பவர். அவரிடம் போய் அந்தக் கேள்வி!

இப்போது எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு பூராவும் அதே பேச்சு. ஸ்கேன் தாளை அரிசி டின்னுக்கு அடியில் சொருகி வைத்திருக்கிறார். ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், "இன்னும் ஒருக்கா கேவலப்படணுமா?" என்கிறார். கேட்ட அந்த நபர் லைனுக்கு வந்து, அத்தனை பேர் முன்னாலும் சித்தியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.