புகை போடும் முன் கொஞ்சம் யோசியுங்கள்

பெங்களூரில் எங்கள் குடியிருப்பின் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே, கட்டடம் விரிந்து சுருங்க விட்ட இடுக்கான எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டில் சின்ன வௌவால்கள் தங்குகின்றன. புகை போட்டு விரட்டிவிட்டு சிமென்ட் வைத்து அடைக்கலாம் என்கிறது அசோசியேஷன் வாட்ஸ்அப் குழு. நிபா வைரஸ் பயம், கூடவே வௌவால்மேல் இருக்கும் பூச்சி பயம். நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். "கோயில் மண்டபத்துல வௌவால் நாத்தத்தோடயே சாமி கும்பிட்டு வளர்ந்தவங்கதானே நாமெல்லாம்" என்று மூன்றாவது மாடி மாமி எழுதியதற்கு ஒரே ஒரு லைக். அது என்னுடையது.

2018இல் கோழிக்கோட்டு நிபாவோடு தொடர்புபடுத்தப்பட்டவை பெரிய பழந்தின்னி வௌவால்கள். நம் சுவரிடுக்கில் இருப்பவை பூச்சி தின்பவை. அதற்காகப் பயமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பயம் இருந்தால் அவற்றைப் பதறவிடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

வௌவாலின் ரோமத்துக்குள் வாழும் ஓர் ஈ உண்டு. பல இனங்களுக்கு இறக்கையே கிடையாது, பார்க்கச் சிலந்தி மாதிரி இருக்கும். முட்டை இடாது. வயிற்றிலேயே வளர்த்த புழுவை வௌவால் தங்கும் சுவரில் ஒட்டிவிட்டு, மறுபடி வௌவால்மேல் ஏறிக்கொள்ளும். புழு அங்கேயே கூடாக மாறும். சில வாரங்களில் கூட்டை உடைத்து வரும் புது ஈ, பக்கத்தில் தொங்கும் வௌவாலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இலைக்கடியில் தங்கும் வௌவால்களைவிட, ஒரே சுவரை நம்பியவற்றுக்குத் தொல்லை அதிகம். கட்டடத்தின் கதகதப்பில் குட்டி சீக்கிரம் வளர்கிறது. அதற்குக் கொடுக்கும் வாடகை இந்த ஈ.

வௌவால் சும்மா இருப்பதில்லை. பின்னங்கால் நகத்தால் சீவும், பல்லால் கடித்தெடுக்கும், பல இனங்கள் அவ்வப்போது இடமும் மாறும். சுவரில் ஒட்டிய கூடுகள் பின்தங்கிவிடும். ஆனால் மாற இன்னொரு இடுக்கு வேண்டுமே? ஊர் முழுக்க அடைத்துக்கொண்டே போனால் மிச்ச இடுக்குகளில் நெரிசல்தான். பதற்றம் நீடித்து, கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறியபடியே இருந்தால் எதிர்ப்புச் சக்தி குறையும், உடம்பிலுள்ள வைரஸ் அதிகம் வெளியேறலாம். ஆஸ்திரேலியப் பழந்தின்னிகள் உணவுப் பஞ்சத்தில் தவித்தபோது நிபாவின் உறவான ஹெண்ட்ரா வைரஸ் குதிரைகளுக்குத் தொற்றுவது கூடியது.

அப்புறம், வௌவால்களை அண்டி வாழும் மூட்டைப்பூச்சி இனங்கள் உண்டு. வௌவாலைத் துரத்தினால் அவை பட்டினியில் படுக்கையறைப் பக்கம் வரலாம்.

அடைத்தே ஆகவேண்டுமா? குட்டிகள் பறக்கத் தொடங்கட்டும். இடுக்கின் வாயில் வலையைக் கட்டி அடிப்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டால் இருட்டியதும் வெளியே போகும், திரும்ப நுழையாது. பிறகு அடையுங்கள். எச்சத்தை மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவேண்டாம்.

வலைச் செலவை நான் தருகிறேன் என்று குழுவில் எழுதிவிட்டேன். செயலாளர் சார் இன்னும் பதில் போடவில்லை.