உயர வரம்பை எங்கிருந்து அளப்பது?

வணிக ட்ரோன் இயக்குவோருக்கான சட்டங்களை விளக்கும் ஒரு கட்டுரையைப் படித்தேன். அது உரிமம் பெறும் நடைமுறையை நன்றாகச் சொல்லிவிட்டு, உயர வரம்பை ‘அமெரிக்காவில் 400 அடி, ஐரோப்பாவில் 120 மீட்டர்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. பலர் தம்மை அறியாமலேயே விதியை மீறுவது இந்த இடத்தில்தான். ட்ரோன் பறக்கும் இடத்துத் தரையிலிருந்து உயரத்தை அளக்கிறது சட்டம். ஆனால், கட்டுப்பாட்டுக் கருவியின் திரை பெரும்பாலும் காட்டுவது, அது கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரத்தை. குன்றின் உச்சியில் நின்று கிளப்பி, 80 மீட்டர் தாழ்ந்த பள்ளத்தாக்கின் மேல் செலுத்தும்போது, திரையில் 60 மீட்டர் என்று தெரிந்தாலும் உண்மையான உயரம் 140 மீட்டராக இருக்கும். தானாகத் திரும்பி வருவதற்கான உயரத்தை அமைக்கும்போதும் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

இன்னொரு திருத்தம். வருமானத்துக்காகப் பறக்கவிட்டால் எல்லா நாடுகளிலும் தனி வணிக உரிமம் வேண்டும் என்று அக்கட்டுரை சொல்வது சரியல்ல. அமெரிக்காவில் 2016 முதல் அப்படியொரு சான்றிதழ் தேவைப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், இயக்குபவர் பணம் வாங்குகிறாரா என்று பார்ப்பதில்லை. ட்ரோனின் எடை, அது பறக்கும் இடத்தில் மக்கள் இருக்கிறார்களா என்பன போன்ற ஆபத்துக் கூறுகளைக் கொண்டே வகைப்படுத்துகின்றன. எனக்கு இதுவே நியாயமான அணுகுமுறையாகத் தோன்றுகிறது. ஏனெனில், கீழே நிற்பவருக்கு ஏற்படும் காயம் ட்ரோன் எதற்காகப் பறந்தது என்பதைப் பொறுத்து மாறுவதில்லை.