தண்ணீரை முதலில் எடுத்து வையுங்கள்
குளிர்காலத்துக்கு வேண்டியதை இலையுதிர் காலத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்று குளிர்காலத் தயாரிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் சொன்னது ரொம்பச் சரி. ஆனால் மளிகைப் பட்டியலுக்குக் கொடுத்த இடத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுபோனால் குடிக்க, சமைக்க, கை கழுவ என்று ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று நாளுக்கே 48 லிட்டர்.

போன வருஷம் ராத்திரி கரண்ட் போனபோது டார்ச் எரியவில்லை. திறந்து பார்த்தால் பேட்டரி கசிந்து ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி. குழந்தையின் காய்ச்சல் மருந்தை இருட்டில் துழாவிய அந்தப் பத்து நிமிஷம் இன்னும் மறக்கவில்லை. இப்போது பேட்டரியைத் தனியாகத்தான் வைக்கிறேன்.

கரண்ட் இல்லாதபோது ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை தாங்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் வைக்காதீர்கள், கார் ஷெட்டிலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள், தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். படுக்கையறைப் பக்கம் அந்த வாயுவைக் கண்டால் ஒலிக்கும் அலாரம் ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள்.