என் லெப்டொப்பின் சாவி யாருடைய ஈமெயிலில்?

பூட்டிக்கொண்ட என் லெப்டொப்பைப் பற்றிக் கேட்டதற்கு, அதை வாங்கிய கடையிலிருந்து இன்று காலை வட்ஸ்அப்பில் பதில் வந்தது. "மிஸ், எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் புதுசா போட்டுத் தாறோம். 3500 ரூபா சார்ஜ் ஆகும்." கீழே கைகூப்பிய படம் ஒன்று.

அழிப்பதற்குக் காசு! என் பொருள், என் வேலை, என் இராத்திரிகள். அவர்கள் செய்த காரியத்தால் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை அழிக்க நான் காசு கொடுக்க வேண்டுமாம். படித்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்னும் அடங்கவில்லை.

அந்த நீலத் திரையைப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டு, மொத்தம் 48 இலக்கம். மீட்புச் சாவியைப் போடு என்று கேட்டுக்கொண்டு நிற்கும். அணைத்துப் போட்டாலும் அதே திரைதான். முதல் நாள் இரவுவரை ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தேன். மழையும் காற்றும் வந்து கரண்ட் போனது, பட்டரியும் இறங்கிவிட்டது. (காசல்ரியிலும் மவுஸ்ஸாக்கலையிலும் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள், லக்ஷபானவில் 1950இலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், காற்றடித்தால் இருட்டு. அதற்கு இன்னொரு நாள் வருகிறேன்.) காலையில் கரண்ட் வந்ததும் மெஷினைப் போட்டேன். பயோஸ் (மெஷினைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் என்று ஏதோ தானாக ஓடியது. முடிந்ததும் நீலத் திரை.

இது எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள், உங்களுக்கும் நடக்கும்.

விண்டோஸ் 11 ஹோம் உள்ள மெஷினை முதல் தடவை திறக்கும்போது இன்டர்நெட் கேட்கும், மைக்ரோசொப்ட் கணக்குக் கேட்கும். எந்த ஈமெயிலைக் கொடுத்து உள்ளே போகிறோமோ அந்தக் கணக்கோடு மெஷின் சேர்ந்துவிடும். அதோடு உள்ளே இருக்கும் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். பிட்லாக்கர் என்பது அதுதான். 2024இல் வந்த 24எச்2 பதிப்புக்குப் பிறகு புது மெஷின்களில் இது இன்னும் பரவலாகிவிட்டது. லெப்டொப் திருட்டுப் போனாலும் உள்ளே இருப்பதை எவனும் பார்க்க முடியாது. நல்ல ஏற்பாடு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயோஸ் அப்டேட் போன்ற ஏதாவது மாற்றத்துக்குப் பிறகு, டிபிஎம் என்ற சிப்புக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். அந்தச் சாவி முதலில் போட்ட கணக்கில் பத்திரமாக இருக்கும். சாவி இல்லையென்றால் மைக்ரோசொப்ட்காரர்களாலும் திறந்து தர முடியாது.

சரி, என் மெஷினில் போட்ட கணக்கு யாருடையது? கடையில் வேலை செய்த பையனுடையது!

கண்டியில் வாங்கினேன். காசு கட்டியதும், "மிஸ் இருங்க, செட் பண்ணித் தாறோம்" என்றார்கள். அம்மாவும் நானும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். பையன் கவுண்டருக்கு அந்தப் பக்கம் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கடகடவென்று அடித்தான். என்னிடம் ஈமெயில் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. திருப்பித் தரும்போது திரை முழுக்கக் கடையின் பெயரும் போன் நம்பரும் படமாக இருந்தது. "இதுதான் பின் நம்பர், மிஸ். பிறகு மாத்திக்குங்க." அவ்வளவுதான். பின் நம்பரை என் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கை அவர்களே வைத்துக்கொண்டார்கள். வீட்டை விற்றவன் வாசல் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் சும்மா விடுவோமா?

ரசீதில் என் பெயர் இருக்கிறது. அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது. 18 வீத வற் வரியும் இருக்கிறது. எல்லாவற்றிலும் நான் சொந்தக்காரி, சாவிக்கு மட்டும் வேறொருவன்.

இனி போன் கதை. முதலில் கடைக்கு எடுத்தேன். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு என்றது. இரண்டை அழுத்தினேன். எடுத்த பிள்ளைக்கு ஒரு சொல் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் வரும், சிங்களத்திலேயே பேசினேன். ஆனால் என் அம்மா எடுத்திருந்தால்? பேச ஆள் இல்லையென்றால் அந்த இரண்டாம் இலக்கத்தை எதற்கு வைத்தார்கள்?

பிறகு ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தார்கள். அவர் தமிழ் பேசினார்.

"மிஸ், அது விண்டோஸ் பிரச்சினை. நாங்க ஒண்டும் செய்ய ஏலாது. கொம்பனிக்குச் சொல்லுங்க."

கொம்பனி ஹொட்லைனுக்கு எடுத்தேன். பாட்டுப் போட்டுவிட்டுக் காக்க வைத்தார்கள். ரீலோட் முடிந்து லைன் கட்டானது. காசு போட்டு மறுபடியும் எடுத்தேன். ஆங்கிலமும் சிங்களமும் கலந்து ஒருவர் நிதானமாகச் சொன்னார்: மெஷினில் பிழை இல்லை, சாவி உங்கள் கணக்கில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

"எந்தக் கணக்கு?"

"நீங்கள் செட் பண்ணிய கணக்கு."

"நான் பண்ணவில்லை. உங்கள் டீலர் பண்ணினார்."

"அப்போ டீலரிடம்தான் கேட்க வேண்டும்."

திரும்பவும் கடை. மீண்டும் இரண்டு, மீண்டும் சிங்களம், மீண்டும் அதே ரிப்பேர்காரர். மேனேஜரைக் கொடுங்கள் என்றேன். சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு எடுத்தால் பேங்குக்குப் போயிருக்கிறார். பாடசாலை விட்டதும், பஸ் ஹோல்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபடி எடுத்தேன். அப்போதுதான் மனுஷன் கிடைத்தார்.

"அண்ணே, என் மெஷினில் எந்த ஈமெயில் போட்டீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள். சாவியை எடுத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்துவிடுகிறேன்."

"அது எங்களுக்குத் தெரியாது மிஸ். செட் பண்ணின பையன் இப்ப வேலையில இல்ல."

"எங்கே இருக்கிறார்?"

"கட்டாருக்குப் போயிட்டான்."

"அவருடைய நம்பரைத் தாருங்கள், நான் கேட்கிறேன்."

"கேட்டாலும் ஏலாது மிஸ். பாஸ்வேர்ட் அவனுக்கும் மறந்துபோச்சு. கோட் வாறது பழைய சிம்முக்கு. அந்த சிம் இப்ப வேலை செய்யாது."

நான் ஒன்றும் பேசவில்லை. வாய் வரவில்லை. என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர் இன்னொன்றும் சொன்னார்.

"உங்களுக்கு மட்டுமில்ல மிஸ். நிறையப் பேருக்கு அந்த ஈமெயில்தான் போட்டது."

நிறையப் பேர்! பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளை, தோட்டத்துக் கிளார்க், கடை கணக்கு எழுதுகிறவர், அட்டனிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் பஸ் ஏறிப்போய் அந்தக் கடையில் வாங்கியவர்கள் எல்லாரும். எல்லாருடைய சாவியும் கட்டாரில் இருக்கிற ஒரு பையன் மறந்துபோன பாஸ்வேர்டுக்குப் பின்னால் கிடக்கிறது. என்றைக்காவது ஒரு அப்டேட் வரும், ஒவ்வொருவராக நீலத் திரைக்கு முன்னால் உட்காருவார்கள். இதை அந்த மனுஷன் ஆறுதலாகச் சொல்கிறார். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படிச் செய்யச் சொல்லி வைத்தது கடை. ஒவ்வொருவருக்கும் புதுக் கணக்குத் திறந்து கொடுக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க எங்கள் தலையில் கையை வைத்தார்கள்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று அன்று இரவுதான் வந்தது. டெஸ்க்டொப்பில் நான் வைத்த ஒவ்வொரு பைலுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு மேகக் குறி இருந்தது. அது ஒன்ட்ரைவ். டெஸ்க்டொப்பிலும் டொகியுமென்ட்ஸிலும் போடுவதை அது கணக்குக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும், இலவசமாக 5 ஜிபிவரை இடம் கொடுக்கும். எந்தக் கணக்குக்கு ஏற்றியது? அதே கணக்குக்குத்தானே! அம்மாவின் அடையாள அட்டையை ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேன், ஈபீஎப் (ஊழியர் சேமலாப நிதி) வேலைக்காக. தங்கச்சியின் போட்டோக்கள் இருந்தன. பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் விபரம் எல்லாம் ஒரு பைலில் இருந்தது. அவையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவனின் கணக்கில் இருக்கலாம் என்று நினைத்தால் தூக்கம் வருமா? இதைக் கேட்டதற்கு மேனேஜர் சொன்ன பதில்: "யாரு மிஸ் அதெல்லாம் பார்க்கப் போறாங்க?"

மெஷினைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். திரை தெளிவு. கீபோர்ட் கைக்கு இதம், பாமினி எழுத்துருவில் மணிக்கணக்காக அடித்தாலும் விரல் வலிக்கவில்லை. (அச்சகத்தில் இன்னும் பாமினியில்தான் கேட்கிறார்கள்.) டிஸ்க் 512 ஜிபி என்று வாங்கினால் 476தான் காட்டும். கொம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அதில் ஏமாற்று இல்லை. ரேம் 8 ஜிபி. "பிறகு கூட்டிக்கலாம் மிஸ்" என்று விற்றார்கள், போர்டோடு ஒட்டி வந்ததைக் கூட்ட முடியாது. அது பச்சைப் பொய். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சாவி விஷயத்தைப் பொறுக்க மாட்டேன்.

ஏனென்றால் அது சும்மா வந்த காசு இல்லை. ஒன்றரை இலட்சம் ரூபா. அம்மா பிடித்த சீட்டு அதில் பாதி. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்கூலி 1350 ரூபா என்றானது. அந்தக் கணக்கில் ஒன்றரை இலட்சத்துக்கு 111 நாளுக்கு மேல் கொழுந்து எடுக்க வேண்டும், ஒரு சதமும் சாப்பாட்டுக்கு எடுக்காமல். மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்க, நிறை குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுவார்களே என்ற பயத்தோடு மலையில் நின்ற காசு. நீலத் திரையைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்: "என்னா புள்ள, புதுசுதானே? நாமதானே வாங்குனோம்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடைக்காரர் வந்து சொல்லட்டும்.

உங்களிடம் இருக்கும் மெஷினை இப்போதே திறந்து பாருங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் என்ற இடத்துக்குப் போனால் மேலே ஈமெயில் தெரியும். அது உங்களுடையது இல்லையென்றால், மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கணக்கைப் போடுங்கள், பிட்லாக்கர் சாவியை ஒரு தாளில் அச்செடுத்து அலுமாரியில் வையுங்கள். கடையில் வாங்கும்போது திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பெட்டியோடு வருகிற மைக்ரோசொப்ட் ஒபிஸும் முதலில் ஏறுகிற கணக்கோடுதான் சேரும், அதையும் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

3500 ரூபா தர மாட்டேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுவேன், ரசீதும் இருக்கிறது, வட்ஸ்அப் செய்தியும் இருக்கிறது என்றும் எழுதினேன். உடனே குரல் மாறிவிட்டது. "சரி மிஸ், ப்ரீயா செய்து தாறோம். கொரியர்ல அனுப்புங்க, திருப்பி அனுப்ப அட்ரஸ் போடுங்க."

அட்ரஸ்! எந்த அட்ரஸைப் போட? தோட்டத்தின் பெயர், டிவிசன், மேட்டு லயம். லயத்துக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை. கொரியர்காரன் மேலே வர மாட்டான், "அட்டன் டவுனுக்கு வந்து எடுத்துக்குங்க" என்பான். அரை நாள் லீவு போட்டு நான் இறங்க வேண்டும். தபால் என்றால் தோட்டத்து ஒபிஸுக்கு வரும், அங்கே எவன் மேசையிலோ கிடக்கும், அந்தப் பக்கம் யாராவது போனால் கொடுத்துவிடுவார்கள். 2023இல் மலையக மக்கள் இங்கே வந்து 200 வருஷம் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது, நானும் போய் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இருநூறு வருஷத்தில் ஒரு கதவுக்கு ஓர் இலக்கம் கொடுக்க முடியவில்லையா? என் கூடப் படித்தவளுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகுதான் கையில் கிடைத்தது. அவள் இன்று கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அந்தக் கடிதத்தை வைத்திருந்தவன் யார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.