‘செய்யலாம்’ என்கிற ஒரு சொல்

2022 ஜூன் மாதம் மறக்கவில்லை. அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்து அங்கன்வாடிகளில் நடந்துவந்த எல்கேஜி, யுகேஜி இனி இல்லை என்று செய்தி வந்தது. தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் என் சின்னவள் அந்த வருஷம் யுகேஜி போக வேண்டியவள். தக்காளி மண்டிக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு அக்கா, “மெட்ரிக் ஸ்கூல் ஃபீஸு, வேன் காசுக்கெல்லாம் நான் எங்க போவேன்?” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அரசு முடிவை மாற்றிக்கொண்டது. நல்லதுதான். ஆனால் 2019-ல் 2,381 மையங்களில் அந்த வகுப்புகள் தொடங்கியது அரசாணையால். ஆணையால் வந்ததை நிறுத்த இன்னொரு ஆணை போதும். சட்டம் என்றால், சட்டமன்றத்தில் எல்லோர் முன்னாலும் பேசித்தான் எடுக்க முடியும்.

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில்தான் தொடங்குகிறது. 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்று 11-ஆவது பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். அதைச் ‘செய்ய வேண்டும்’ என்று ஆக்க நம் மாநிலமே சட்டம் கொண்டுவரலாம். 1976-லிருந்து கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில்தானே இருக்கிறது?

அப்படி ஒரு மசோதா நிறைவேற என்ன வேண்டும்? முதலில் செலவுக் கணக்கு. அரசு நிதியில் செலவு வைக்கும் மசோதாவுக்கு அரசமைப்பின் 207-ஆவது பிரிவுப்படி ஆளுநரின் பரிந்துரை வேண்டும். தனி எம்.எல்.ஏ. ஒருவர் ஆசைப்பட்டால் மட்டும் போதாது, அரசின் சம்மதமும் வேண்டும். அதனால் ஏற்கெனவே வகுப்பு நடக்கும் மையங்களில் தொடங்கி, வருஷத்துக்கு இத்தனை என்று விரிக்கும் மசோதாவைத்தான் நிதித்துறை காது கொடுத்துக் கேட்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பால்வாடி டீச்சர்கள். அங்கன்வாடி இருப்பது சமூக நலத்துறையின் கீழ், பள்ளி இருப்பது கல்வித்துறையின் கீழ். யார் பாடம் நடத்துவது, யாருக்கு என்ன சம்பளம் என்பதை மசோதாவே தெளிவாகச் சொல்லாவிட்டால், தங்கள் வேலை போய்விடும் என்று அவர்களே எதிர்ப்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பதே பல ஊர்களில் அவர்கள்தான். அவர்களை ஒதுக்கிவிட்டு எழுதும் சட்டம் எனக்கு வேண்டாம்.

அப்புறம் மொழி. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. மூன்று வயதில் அவர்களிடம் எந்த மொழியில் பேசுவது என்பதும் மசோதாவில் இருந்தால், அந்தத் தொகுதிக்காரர்களும் நம்முடன் நிற்பார்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் 5, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 6, ஆக நம் இரண்டு மாவட்டத்துக்கும் 11 எம்.எல்.ஏ.க்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்குவதைச் சட்டமன்றத்தில் பேசும் மானியக் கோரிக்கை விவாதத்தில் 11 பேரும் இதைப் பேச வேண்டும். அதற்கு முன்னால் அம்மாக்கள் நேரில் போய் மனு கொடுக்க வேண்டும். நானும் அந்த அக்காவும் பாலக்கோட்டில் போகிறோம். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரையில் யார் யார் போகிறீர்கள்? கீழே சொல்லுங்கள், மனுவைச் சேர்ந்தே எழுதலாம்.