பட்டனைத் தட்டினால் ஆல்பம் வந்துவிடுமா?

ஏற்காட்டுத் தம்பி ஒருவன் பாடகர் இல்லாமல் கீபோர்டில் வாசித்துப் போட்ட ஆல்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த வெளியீட்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியதை நீங்கள் பெரும்பாலும் பார்த்திருப்பீர்கள். அந்த வீடியோ துண்டு சேலத்து வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டது. சிரித்த முகத்தோடுதான் சொன்னார், கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆல்பத்தை வாசித்த தம்பி பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது, அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, "இப்பல்லாம் கஷ்டமே இல்லீங்க, ஒரு பட்டனைத் தட்டினா மெஷினே வாசிச்சுடுது, தம்பி அடுத்த தடவை நல்ல பாடகர் ஒருத்தரைப் போட்டு நிஜமான ஆல்பமா பண்ணணும்" என்று மைக்கில் சொல்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் ஆல்பத்தைக் கேட்கவில்லை. என் கோபம் இந்த ஒன்றின் மேல்தான். எட்டு டிராக்கில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த ஆல்பத்தில் கீபோர்டே தானாகத் தாளம் போடுகிற ஆட்டோ ரிதம் எங்கேயும் இல்லை. டிரம்ஸ் வாசித்தவர் ஓர் ஆள், அவரும் அதே மேடையில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பேஸ் என்கிற கீழ்ச்சுர வரி முழுக்கத் தம்பியின் இடது கை. கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது ரசனை, நான் வாயைத் திறக்க மாட்டேன். கேட்காமல் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஆர்கன் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தம்பியுடையது ஹேமண்ட் ஆர்கனின் சத்தத்தைத் தருகிற இரண்டடுக்குக் கீபோர்டு, கடன் போட்டு வாங்கியது. பழைய அசல் ஹேமண்டுக்குள் 91 சக்கரங்கள் மோட்டாரில் சுற்றிக்கொண்டே இருக்கும், அவற்றிலிருந்து வரும் சத்தங்களை வேண்டிய அளவில் கலந்துகொள்ள டிராபார் என்று ஒன்பது இழுப்பான்கள் இருக்கும். பியானோவில் ஓங்கித் தட்டினால் சத்தம் கூடும். ஆர்கனில் கூடாது. கட்டையைப் பூப்போலத் தொட்டாலும் குத்தினாலும் ஒரே சத்தம்தான். அப்புறம் எப்படி அது அழுகிறது, கெஞ்சுகிறது என்றால், வலது கால் வால்யூம் பெடலில் ஒவ்வொரு வரிக்கும் ஏறி இறங்குகிறது, இடது கை பேஸை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே நடுவில் டிராபாரை இழுக்கிறது, சத்தத்தைச் சுழற்றி அலையவிடுகிற லெஸ்லி ஸ்பீக்கரின் சுழற்சியை மெதுவிலிருந்து வேகத்துக்கு மாற்றுகிறது. மூன்றாவது டிராக்கில் அவன் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, கையை எடுக்காமல், காலாலும் அந்தச் சுழற்சியாலும் மட்டுமே அதை வளர்த்துக்கொண்டு போகிற இடம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்வதற்கு எந்தக் கீபோர்டிலும் பட்டன் கிடையாது ஐயா.

மெஷின் என்கிறீர்கள், சரி, மெஷின்தான். ஹேமண்டை உருவாக்கிய லாரன்ஸ் ஹேமண்ட் இசைக்கலைஞரே இல்லை, கடிகாரம் செய்து விற்ற பொறியாளர். 1935-இல் அது கடைக்கு வந்தது. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் வாங்கிக்கொண்டன. கட்டையை அழுத்தும்போது 'டிக்' என்று வருகிற சின்னச் சத்தத்தைக் குறை என்று நினைத்து அதைச் செய்தவர்கள் போக்கப் பார்த்தார்கள், வாசித்தவர்களோ அந்த 'டிக்'தான் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். லெஸ்லி ஸ்பீக்கரை ஹேமண்டுக்கே பிடிக்காது, ஆனால் வாசித்தவர்கள் லெஸ்லி இல்லாமல் உட்கார மாட்டேன் என்றார்கள். 1956-இல் ஜிம்மி ஸ்மித் புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஹேமண்டில் முதல் ஆல்பம் வாசித்தார். அதன்பின் ஜாஸில் ஆர்கன்காரர்கள் என்று ஒரு பரம்பரையே உருவானது, 2022-இல் இறந்துபோன ஜோயி டிஃப்ரான்செஸ்கோ வரைக்கும். இன்றும் ஜெர்மனியில் பார்பரா டென்னர்லைன் பேஸைக் காலாலேயே வாசிக்கிறார். 2016-இல் கோரி ஹென்றி புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில் மக்கள் நடுவில் உட்கார்ந்து ஹேமண்டில் வாசித்ததை அப்படியே ஆல்பமாகப் போட்டார். பாடகரைப் போட்டு நிஜமான ஆல்பமாகப் பண்ணுங்கள் என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

அதெல்லாம் வெளிநாடு, நம் ஊருக்கு வா என்பீர்கள். வருகிறேன். 1954-இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தின் மகுடி ஓசையை நம் தாத்தா பாட்டிகளுக்குக்கூடத் தெரியும். பாம்பாட்டிதான் ஊதுகிறான் என்று நாடே நம்பியது. அதை கல்யாண்ஜி கிளாவியோலின் என்ற மின்சாரக் கட்டைக் கருவியில் வாசித்தார். கல்கத்தாவில் வி. பால்சாரா யூனிவாக்ஸ் என்ற இன்னொரு மின்சாரக் கட்டைக் கருவியில் சினிமா மெட்டுகளை வாசித்து இசைத்தட்டாகவே போட்டார், வீடுகளில் அவற்றைப் பாடல் போலவே வைத்துக் கேட்டார்கள். நம் பக்கத்தில் கீபோர்டு சத்யா என்று எல்லோருக்கும் தெரிந்த கே. சத்தியநாராயணன் அதே கீபோர்டில் முழுக் கர்னாடகக் கச்சேரி வாசிக்கிறார். வலது கை சுரத்தில் இருக்க, இடது கை சுரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்டிக் கமகம் கொண்டுவருகிறது. இளையராஜாவின் எண்பதுகள் பாட்டு என்று நாம் உருகுகிற பல இடங்களில் அவர் குழுவில் கீபோர்டு வாசித்த விஜி மானுவலின் விரல்கள் இருக்கின்றன. ஏ.ஆர். ரகுமானும் அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான். நம் காதை வளர்த்ததே கீபோர்டு வாசித்தவர்கள். ஆனால் அவர்களில் ஒருவன் தன் பெயரில் ஒரு ஆல்பம் போட்டால் மட்டும் "பாட்டு எங்கே, யார் பாடுவது?" என்று கேட்கிறோம்.

எதற்கு இவ்வளவு சூடு என்று நேற்றே ஒரு நண்பர் போனில் கேட்டார். நானும் இந்த ஊர் மேடைகளில் செகண்ட் கீபோர்டு வாசித்து வளர்ந்தவன், அதனால்தான். ஆடி மாதம் சேலத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு மாரியம்மன் பண்டிகை, ஒரு மெல்லிசை மேடை. ஆர்கெஸ்ட்ராவில் வயலின் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது, வீணை கிடையாது, கட்டுப்படியாகாது. அத்தனையும் கீபோர்டுதான். பாட்டுக்கு நடுவில் வருகிற இன்டர்லூடில் வயலின் கூட்டமாக வருகிற இடத்தை வாசித்து முடித்து, அடுத்த நொடியில் டோன் மாற்றிக் குழல் பிட்டை எடுக்க வேண்டும். பாடகருக்குத் தொண்டை கட்டினால் சுருதியை அரைக்கட்டை இறக்கு என்பார்கள், கண் காட்டுவதற்குள் இறக்க வேண்டும். ஒரு பிட் தவறினால் ஊரே திரும்பிப் பார்க்கும், சரியாக வாசித்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். சம்பளக் கவர் கடைசியாக எங்களுக்குத்தான் வரும். ஒரு ஊரில் விழாக் கமிட்டிக்காரர் பாடகர்கள் எல்லோருக்கும் சால்வை போட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்து, "பொட்டியெல்லாம் சீக்கிரம் எடுத்து வைங்கப்பா" என்றார். ராத்திரி முழுக்க அந்தப் பெட்டிதான் அவர் ஊர் சனத்தை உட்காரவைத்தது.

என் அப்பாவுக்குச் சங்கீதம் தெரியாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. அவர் காலத்திலேயே கம்பி இழுக்க மெஷின் வந்தது, செயின் பின்னவும் மெஷின் வந்தது, ஆனால் பொடி வைத்துப் பற்றவைக்கிற கை சரியில்லை என்றால் கொலுசு ஒரே மாதத்தில் விட்டுப்போய்விடும். நான் முதன்முதலில் கீபோர்டு கொண்டுவந்து வைத்து வாசித்தபோது அக்கம்பக்கத்தார் எல்லாம் "தானா வாசிக்குதே!" என்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பா மட்டும் குனிந்து பார்த்து, "இந்த இடது கை என்னப்பா பண்ணுது, அதைச் சொல்லு" என்றார். பள்ளிக்கூடம் தாண்டாத மனிதர். அவர் கேட்டதை இவ்வளவு படித்த, இத்தனை விழா பார்த்த ஒருவரால் ஏன் கேட்க முடியவில்லை?

இப்போது ஆட்டோ ஸ்டைல் விஷயத்துக்கு வருகிறேன், நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி அதுதான். ஆமாம், இன்றைய கீபோர்டில் கார்டு என்று சில சுரங்களைச் சேர்த்துப் பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிதார் எல்லாம் தானே ஓடும். அதை ஓடவிட்டு மேலே மெட்டை மட்டும் தட்டி ஆல்பம் என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன், பத்து டிராக்கும் ஒரே மாதிரி இருக்கும். அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்த வசதியை வைத்தே அருமையாக வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த இடத்தில் ரிதத்தை நிறுத்துவது, எங்கே வெறும் கையோடு நிற்பது, எங்கே மறுபடி உள்ளே வரவிடுவது என்பதில் வாசிப்பவனின் புத்தி தெரியும். யமஹா 1959-இலிருந்து எலக்டோன் என்று ஆர்கன் செய்கிறது, இரண்டு அடுக்குக் கட்டை, காலுக்கும் கட்டை. ஒற்றை ஆளாக உட்கார்ந்து அதில் முழு வாத்தியக் குழுவை எழுப்புகிற ஜப்பானியர்களைப் பாருங்கள். இரண்டு கையும் இரண்டு காலும் தனித்தனியாக வேலை செய்யும். எனவே ஸ்டைல் ஓடுகிறதா இல்லையா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும். திரும்பத் திரும்ப இதையேதான் சொல்கிறேன், வேறு வழியில்லை, கேட்டால்தான் தெரியும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி யார் வாசித்தால் என்ன என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் இந்த ஆல்பத்துக்கும் சம்பந்தமில்லை. மிக்ஸிங் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம் என்றார் இன்னொருவர். இருந்திருக்கலாம். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக் குவார்ட்டர்ஸில், இடி இடிக்கும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கரண்ட் வந்தபின் மறுபடி முதலிலிருந்து வாசித்துப் பதிவு செய்தது அது. பெரிய ஸ்டுடியோ ஆல்பத்தோடு அதை ஒப்பிடுகிறவர்கள், அப்படி ஒரு ஸ்டுடியோவுக்கு அவனை ஒரு நாள் அழைத்துப் போயிருக்கலாமே.

சினிமாப் பாட்டையே வாசித்துப் பிழைக்கிறார்கள் என்று ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. இந்த ஆல்பத்தில் ஒரு சினிமா மெட்டுகூட இல்லை. ஐந்து அவனுடைய சொந்த மெட்டு. அதில் ஒன்று சேர்வராயன் கோயில் திருவிழாவில் சின்ன வயதில் கேட்ட தாளத்திலிருந்து பிறந்தது. மீதி மூன்றும் கீர்த்தனைகள். ஒன்று தஞ்சாவூர் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாருடையது, 1864-இல் மறைந்த மனிதர். அவருடைய வரியை, அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் வாசிக்கிற மாதிரி ஹேமண்டில் மெதுவாக எடுத்து, நம் ராகத்தின் சாயல் கலையாமல் கொண்டுபோகிறான். ஞாயிறு தவறாமல் மலைமேல் சர்ச்சில் ஆராதனைக்கு வாசித்து வந்த கை அது. இதைக் கேட்டுவிட்டு ஒருவர் மெஷின் என்று சொல்லட்டும்.

விழா முடிந்து அவர்கள் கடைசி பஸ்ஸில் மலை ஏறியிருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிக்கொண்டிருக்கும்போது அம்மா அவனிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார், "அப்ப அதை நீ வாசிக்கலையாப்பா?" என்று. மறுநாள் என்னிடம் போனில் சொன்னான். "அவங்க பெரியவங்க மைக்ல சொன்னா அம்மா நம்பத்தானே செய்வாங்க அண்ணா" என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை, எனக்கும் பேச வரவில்லை. கூலி வேலை பார்த்துக் கீபோர்டுக் கடனுக்குப் பணம் கட்டிய தாய் அவர். பெற்ற பிள்ளையின் உழைப்பின் மேலேயே சந்தேகம் வர ஒரு வாழ்த்துரை போதுமாக இருந்திருக்கிறது. இதற்குப் பிறகும் "சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதே" என்று எனக்கு மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "நூறு படத்துக்கு மேல் எடுத்த ஊர்டா" என்று பெருமை பேசுகிறோம். பேசலாம், பெருமைதான். அதை நடத்திய டி.ஆர். சுந்தரம் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்று இந்த ஊரில், அந்த மலைமேல், உயிரோடு உட்கார்ந்து புதிதாக ஒன்றைச் செய்கிறவனுக்கு நாம் என்ன செய்தோம்? சால்வை கொடுத்தோம், அவனுக்கில்லை, விருந்தினருக்கு. வெளியீட்டு விழா இரண்டரை மணி நேரம் நடந்தது. ஆல்பத்திலிருந்து ஒரு நிமிடம்கூட ஒலிக்கவில்லை. அவனை ஒரு டிராக் வாசிக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கீபோர்டை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் உறை போட்டு வைத்திருந்தான். அதைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துப் போனான்.

அடுத்த மாதம் அஸ்தம்பட்டியில் இன்னொரு பிள்ளையின் கீபோர்டு ஆல்பம் வெளியாகிறது. ஏற்பாடு செய்கிறவர்கள் என் நட்பில் இருக்கிறார்கள், இதைப் படிப்பார்கள். யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், எத்தனை சால்வை வேண்டுமானாலும் போடுங்கள். முதலில் அந்தப் பெண் பத்து நிமிடம் வாசிக்கட்டும், மேடையில் இருப்பவர்கள் போனை வைத்துவிட்டுக் கேட்கட்டும், அதற்கப்புறம் மைக்கைக் கொடுங்கள். இதை நிகழ்ச்சி நிரலில் அச்சடிக்க முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் வரவில்லை.